'நான்' அடங்கும் இசை



'நான்' என்னும் செருக்கு அடங்கவேண்டும் என்பது கீழைநாட்டு ஞானியர் பலரும் வற்புறுத்திய கருத்தாகும். எனினும், அவர்கள் அதனை ஒரே பொருளிற் கூறினார்கள் அல்லர். சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பிற் களிம்புபோல் உயிரை அநாதியே பற்றிய மலம் என்கிறது. முத்தியிலும் அது அழிவதில்லை, திருவருளால் அதன் வலிமையே ஒடுங்குகிறது. அத்துவைத வேதாந்தம் அகங்காரத்தை அறியாமையால் எழுந்த தோற்றம் என்கிறது. பௌத்தமோ, நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை என்கிறது.

இக்கருத்து மேனாட்டு ரொக் இசையிற் புகுந்தது விந்தையே. ஏனெனில், பாடகனின் புகழையும் மின்கருவியின் பேரொலியையும் முதலாகக் கொண்டு வளர்ந்த இசை அது. பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன் 1966இல் பண்டிதர் ரவிசங்கரிடம் சித்தார் பயின்றார். 1968இல் அக்குழுவினர் நால்வரும் ரிஷிகேசம் சென்று மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்றனர். 1970இல் வெளிவந்த ஹரிசனின் பாடலொன்று, 'நான், எனது' என்று ஓயாது உரைக்கும் மனிதனையே பொருளாகக் கொண்டது.

மற்றொரு வழியும் இருந்தது. திபெத்தியரின் 'இறந்தோர் நூலை'த் தழுவி, போதைமருந்தால் 'நான்' கரைவதை விளக்கும் நூலொன்று 1964இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1966இல் ஜோன் லெனன் அதனைத் தழுவிப் பாட்டொன்று புனைந்தார். நீண்ட பயிற்சியால் அடைய வேண்டியதை ஒரு மாத்திரையில் தேடிய குறுக்குவழி அது. மருந்தின் வேகம் தணிந்தால் ஆணவம் மீளும். உடலும் உள்ளமும் கெடும்.

நமது நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958இன் இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குச் சென்றது. அவர் மைந்தர் எல். சங்கர், பின்னர் ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லாஃப்லினுடன் இணைந்து 'சக்தி' என்னும் குழுவில் வாசித்தார். மக்லாஃப்லின், ஸ்ரீ சின்மோய் என்னும் வங்காள குருவின் சீடராயிருந்தவர். 1971இல் 'மகாவிஷ்ணு' என்ற பெயரால் பேரொலி மிக்க குழுவொன்றை நடத்தியவர். சக்தியிலோ மின்கிற்றாரை விடுத்து, சங்கரின் வயலின், விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபேலா ஆகியவற்றுக்குச் செவிகொடுத்து வாசிக்கலானார். பிறர் நாதத்தைக் கேட்கக் கற்கும்போது செருக்குத் தானே தணிகிறது.

இவ்வுண்மை மலைநாட்டுத் தோட்ட மக்களுக்குப் புதிதன்று. காமன் கூத்தில் தப்பு முழங்கும்போது எவர் அடி எது எனப் பிரித்தறிதல் அரிது.

ஆயினும், இங்கே ஒன்று தெளிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, எஞ்சியோர் 2003 வரை காத்திருந்த சமூகம் நம்முடையது. அத்தகையோரை நோக்கி, 'நான் என்பதை விடுக' என்று கூறுவோர் அதன் பொருளைச் சிந்தித்தே கூறவேண்டும். செருக்கை விடுதல் வேறு. தன்மானத்தை இழத்தல் வேறு. 'யானும் இந்நாட்டுக் குடிமகன்' என்று உரிமை கேட்டல் ஆணவமாகாது. தப்புப் பறிக்கப்பட்டவன் கூட்டொலியிற் கலப்பது எங்ஙனம்?

ஆதலின், நம் இளைஞர் தமக்குரியதை நிமிர்ந்து கேட்பாராக. பெற்றபின் பிறர்க்கும் செவிகொடுப்பாராக.