தென்னை பார்க்கப் பொள்ளாச்சிப் பயணம்: ரயிலா, வாடகைக் காரா?

2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மறுநடவு செய்தவர்களில் பலர் கிடைத்த நாற்றை வைத்து, இன்று குலை தள்ளாத மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இடைவெளி நிரப்பவும், ஊடுபயிர் பார்க்கவும், நல்ல நாற்று தேடவும் பொள்ளாச்சி, ஆழியார் பக்கம் ஒரு முறை போய்வர வேண்டும் என்ற எண்ணம் டெல்டா விவசாயிகளிடம் இருக்கிறது. போவது என்று முடிவானதும் டீக்கடையில் எழும் முதல் கேள்வி, ரயிலில் போவதா, வண்டி பிடிப்பதா என்பதுதான்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேப்பங்குளம் 3 என்ற நெட்டை ரகம் அங்கிருந்து வந்ததே. நாற்று மட்டும்தான் தேவை என்றால் மன்னார்குடிக்காரரும் ஒரத்தநாட்டுக்காரரும் முதலில் அங்கே விசாரிக்க வேண்டும். அரை நாளில் முடியக்கூடிய வேலைக்கு இரண்டு நாளும் இரண்டாயிரம் ரூபாயும் செலவழிப்பது வீண். தோப்பு நிர்வாகம், சொட்டுநீர், தேங்காய் மதிப்புக் கூட்டல் எல்லாவற்றையும் நேரில் காண வேண்டும் என்பவர்களுக்கே பொள்ளாச்சிப் பயணம்.

வழியும் தூரமும்

மன்னார்குடியிலிருந்து தஞ்சை, திருச்சி, திண்டுக்கல், பழநி, உடுமலை வழியாகச் சாலையில் பொள்ளாச்சி 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேநீர், சாப்பாடு நிறுத்தங்களுடன் ஏழு மணி நேரம் ஆகும். ரயில் என்றால் மன்னார்குடியிலிருந்து கோவைக்கு இரவில் செல்லும் செம்மொழி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தஞ்சை, திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாகச் செல்வதால் ரயில் சுற்றித்தான் போகிறது. ஆனால் சுற்றுவது தூங்கும் நேரத்தில். விடியுமுன் கோவையில் இறங்கலாம். அங்கிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். உக்கடம் பஸ் நிலையத்தில் பஸ் அடிக்கடி உண்டு. பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் மேலும் 20 கிலோமீட்டர் அளவு. வால்பாறை பஸ்கள் அவ்வழியே செல்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

வாடகை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும். ஆறு பேர் அமரக்கூடிய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். போகவர 620, அங்கே தோப்புகளைச் சுற்ற 60, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப 20. மொத்தம் 700 கிலோமீட்டர். வாடகை 12,600 ரூபாய். டிரைவர் பேட்டா நாளுக்கு 500 வீதம் இரண்டு நாளைக்கு 1,000. சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. அதைச் சேர்க்காமலே 13,600 ரூபாய். ஆறு பேர் போனால் தலைக்கு 2,267. மூன்று பேர் மட்டும் போனால் 4,533.

ரயிலில் படுக்கை வசதி இரண்டாம் வகுப்பில் போகவர ஓர் ஆளுக்கு 600 ரூபாய் ஆவதாகத் தாராளமாகவே வைப்போம். கோவையில் இறங்கி ஆறு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு உள்ளூர் வண்டி எடுக்கிறார்கள். பொள்ளாச்சி, ஆழியார், இரண்டு மூன்று தோப்புகள் என்று 180 கிலோமீட்டர். அதே 18 ரூபாய் வீதம் 3,240, பேட்டா 500. ஆக 3,740, தலைக்கு 623. ரயிலோடு சேர்த்து 1,223 ரூபாய். ஊரிலிருந்து வண்டி பிடிப்பதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். இரண்டு பேர் மட்டும் போகிறார்கள் என்றால் உள்ளூர் வண்டியும் வேண்டாம். உக்கடம் பஸ்ஸே போதும்.

தூரத்தை ரயிலில் கடந்து, சுற்றுவதற்கு மட்டும் அங்கே வண்டி எடுக்கும் இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. வண்டி என்றால் வாசலில் ஏறி வாசலில் இறங்க வேண்டும் என்ற நினைப்பு. இரண்டு இரவும் ரயிலிலேயே கழிவதால் லாட்ஜ் வாடகையும் மிச்சம். குளிக்க மட்டும் ஓர் இடம் பார்த்துக்கொண்டால் போதும்.

குறைந்த தூரத்துக்குக் கணக்கு வேறு. வாடகை வண்டிகளுக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்பது போன்ற நிபந்தனை பெரும்பாலும் உண்டு. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்குப் போய்வர 220 கிலோமீட்டர் ஓடினாலும் 250-க்குத்தான் பணம். ஆயினும் அந்த மையம் நகருக்கு வெளியே இருப்பதால், ஐந்தாறு பேராகப் போகிறவர்களுக்கு அங்கே காரே மேல். பஸ் மாறி ரயில் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

மாடு வைத்திருப்பவர் கணக்கு

பயணச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பவர்கள் வீட்டில் விட்டுப்போகும் வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாலைப் பால் கறந்துவிட்டு இரவு ரயில் ஏறுபவர், மறுநாள் காலை, மாலை இரண்டு வேளையும் மூன்றாம் நாள் காலையும் வீட்டில் இருக்க மாட்டார். மூன்று வேளை. விடியற்காலை நான்கு மணிக்குக் காரில் கிளம்பி நள்ளிரவு தாண்டித் திரும்புபவருக்கு இரண்டு வேளை. வேறு கைக்குப் பால் இறக்காத மாடாக இருந்தால் இந்த ஒரு வேளையும் பெரிய விஷயமே. முறைப்பாசனம் நடக்கும் காலத்தில் தன் முறை எந்த நாள் வருகிறது என்று பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். குறுவை நாற்றங்கால் விட்ட வாரத்தில் இந்தப் பயணமே கூடாது.

அதே சமயம், காரில் ஒரே நாளில் போய்த் திரும்புவது ஆபத்தான காரியம். ஒரே டிரைவர் 700 கிலோமீட்டரைப் பதினான்கு பதினைந்து மணி நேரம் ஓட்டுகிறார். தோப்பில் மற்றவர்கள் சுற்றும்போது அவர் வண்டியில் படுத்தாலும் அது தூக்கமல்ல. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனிதனுக்குக் கண் சொக்கும் நேரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே டிரைவருக்கு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்திருக்கிறது. ஒரு வேளைப் பாலுக்காக ஆறு குடும்பத் தலைவர்களை அந்த இருட்டில் அனுப்புவது என்ன நியாயம்? வண்டியில்தான் போவது என்றால் பழநியிலோ பொள்ளாச்சியிலோ ஓர் இரவு தங்கி, டிரைவருக்கும் படுக்க இடம் கொடுத்து, காலையில் திரும்ப வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

வண்டி பேசும்போது

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள டி போர்டு வண்டியே வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்றது. தெரிந்தவர் வண்டி, இரண்டு ரூபாய் குறைவு என்று வெள்ளைப் பலகை ஓன் போர்டு வண்டியில் ஏறுகிறவர்கள் ஏராளம். சொந்த உபயோகத்துக்கு என்று இன்ஷூரன்ஸ் எடுத்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பாலிசி நிபந்தனை மீறப்படுகிறது. வழியில் ஒன்று நேர்ந்தால் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்கு அலைவது வண்டிக்காரர் மட்டுமல்ல, ஏறியவர் குடும்பமும்தான்.

கிலோமீட்டர் கணக்கு ஷெட்டிலிருந்தா, ஏறும் இடத்திலிருந்தா? சுங்கம் யார் பொறுப்பு? இரவு தங்கினால் பேட்டா எவ்வளவு? வண்டி பழுதானால் மாற்று வண்டி உண்டா? இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்குவதில் கூச்சம் தேவையில்லை. கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. டீசல் நம்முடையது, வண்டிக்கு நாள் வாடகை என்று பேசுவதும் சில ஊர்களில் வழக்கம். வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்தவர்களுக்கே அது கட்டும்.

ஆறு பேருக்கு மேல் என்றால் கார் அனுமதியில் அடங்காது. 12 பேர் வரை ஏற்றும் மேக்சி கேப் வேன் எடுக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து வேனில் போகும்போது தலைக்கு ஆகும் செலவு ரயிலை நெருங்கி வந்துவிடும். வழியில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டையும் பார்த்துவரலாம் என்றால் அப்போது வேனே சரி. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தையோடு வரும் பெண்கள் இருந்தாலும் அப்படியே.

டிக்கெட் விஷயம்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை நாட்களில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். தட்கல் டிக்கெட் பயணத்துக்கு முதல் நாள், ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் கொடுக்கப்படுகிறது. காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு படுக்கைப் பெட்டியில் ஏற முடியாது, இறக்கிவிடுவார்கள். 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் வயதைச் சரியாக எழுத வேண்டும்.

விவசாயிகளுக்கு ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டே என்று பழைய நினைவில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், வேளாண் பொருட்காட்சிக்குச் செல்பவர்களுக்கு 25 சதவீதமும், தேசிய நிறுவனங்களில் நல்ல சாகுபடி முறை கற்கச் செல்பவர்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி நிறுத்தப்பட்டவற்றில் இவையும், மூத்த குடிமக்கள் சலுகையும் அடக்கம். ஆகவே முழுக் கட்டணத்தை எண்ணியே கிளம்ப வேண்டும். ஆனால் ஒன்று: வேளாண்மைத் துறையின் அட்மா திட்டத்தில் கண்டுணர் சுற்றுலா என்று குழுவாக அழைத்துச் செல்கிறார்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் பெயர் கொடுத்து வைத்தால், கைக்காசு செலவில்லாமலே போய்வர வாய்ப்பு இருக்கிறது. கேட்டவருக்குத்தான் தெரியவரும்.

நாற்று வாங்கினால்

படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை, சாதாரண இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை சுமை இலவசமாகக் கொண்டுவரலாம். விதைப் பை, உயிர் உரப் பொட்டலம், சிறு கருவி எல்லாம் இதில் அடங்கும். பெட்ரோல் உள்ள விசைத் தெளிப்பானையோ எளிதில் தீப்பற்றும் மருந்தையோ ரயிலில் ஏற்றவே கூடாது. ரயில்வே சட்டத்தில் இதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. கருவியை பார்சலில் போடுவதானால் டேங்க் காலியாக இருக்க வேண்டும். காரிலும் பூச்சிமருந்தைச் சாப்பாட்டுப் பையோடு வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வருவது விஷத்தைச் சுவாசிப்பதற்குச் சமம். மருந்தை ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

தென்னை நாற்று மட்டும் ரயிலுக்கும் பொருந்தாது, காருக்கும் பொருந்தாது. ஐந்தாறு நாற்றை டிக்கியில் திணிக்கலாம், குருத்து ஒடியும். ஐம்பது நாற்றுக்கு மேல் வேண்டுபவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து லோடு வண்டி வைத்து, தார்ப்பாய் மூடி, இரவில் ஏற்றிவருவதே முறை. ஆட்கள் ரயிலில் வரட்டும். ஏற்றுமுன் கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், ஆறு இலையாவது விட்டும், ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதிலும் இருக்கிற நாற்றையே எண்ணி எடுக்க வேண்டும். வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், அவருக்காகப் பொறுக்குவதை விட்டுவிடக்கூடாது.

எங்கே வாங்குவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் கேரளத்து வேர் வாடல் நோய் பரவியிருக்கிறது. இது டெல்டாக்காரர்கள் 1952 முதல் அறிந்த தஞ்சாவூர் வாடல் அல்ல. தஞ்சாவூர் வாடல் பூஞ்சாணத்தால் அடித்தண்டு அழுகி வருவது. வேர் வாடல் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது; ஓலைகள் விலா எலும்புபோல் உள்நோக்கி வளையும்; கண்ணாடி இறக்கைப் பூச்சி, தத்துப்பூச்சி மூலம் மரத்துக்கு மரம் தாவும். வழியில் பார்த்த தோப்பில் மலிவாகக் கொடுத்தார்கள் என்று நாற்றோ, பச்சை ஓலையோ, உரித்த மட்டையோ ஏற்றிவரக்கூடாது. ஆழியார் நகர் ஆராய்ச்சி நிலையத்திலோ அரசு அங்கீகாரம் பெற்ற நாற்றங்காலிலோ, முன்கூட்டியே போன் செய்து இருப்பு உண்டா என்று கேட்ட பிறகே லோடு வண்டி பேச வேண்டும்.

ரயிலில் திரும்புபவர்கள் தேதியில் ஏமாறாமல் இருக்க வேண்டும். கோவையிலிருந்து மன்னார்குடி வரும் அந்த ரயில் நள்ளிரவு தாண்டிப் புறப்படுகிறது. செவ்வாய்க்கிழமை முழுதும் தோப்பைச் சுற்றிவிட்டு அன்றிரவு ஏறுவதற்குப் புதன்கிழமைத் தேதியிட்ட டிக்கெட் வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு வாங்கியவருடைய ரயில், அவர் கோவையில் வந்து இறங்குவதற்கு முன்பே போயிருக்கும். கால அட்டவணை அவ்வப்போது மாறுவதால், கவுண்டரில் நேரத்தையும் தேதியையும் இரண்டு முறை கேட்டு வாங்குவது நல்லது.