பிறந்த வருஷத்துக்கு இவ்வளவு விலையா? தெரியுமா உங்களுக்கு!

கட்டியது 24 டாலர் 75 சென்ட். வாங்கியது 22,888 டாலர் 92 சென்ட்! லாட்டரிப் பரிசு என்று நினைத்துவிடாதீர்கள், அரசாங்க ஓய்வூதியம்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மையார்தான் அங்கே சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் வாங்கிய முதல் ஆள். 1937-இல் தொடங்கி மூன்று வருஷம் சம்பளத்தில் பிடித்தார்கள். 1940 ஜனவரி 31 தேதியிட்ட முதல் காசோலை வந்தது: எண் 00-000-001, தொகை 22 டாலர் 54 சென்ட். இரண்டாவது மாதமே போட்ட காசைத் தாண்டிவிட்டார்! 1975-இல் 100 வயதில் காலமாகும்வரை அந்தப் பணம் நிற்கவே இல்லை.

எப்படி முடிந்தது? நம் பெயரில் போட்ட பணம் எங்கோ பத்திரமாகக் காத்திருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பல நாடுகளில் அப்படிக் கிடையாது. இன்று வேலைக்குப் போகிறவர் சம்பளத்தில் பிடிக்கும் பணமே இன்றைய பெரியவர்களின் கைக்குப் போகிறது. 1940-இல் அமெரிக்காவில் ஓய்வூதியம் வாங்கும் ஒருவருக்குப் பின்னால் 159 உழைப்பாளிகள் இருந்தார்கள். பத்தே வருஷத்தில் அது 16 சொச்சம் ஆனது. இப்போது மூன்று பேர்கூட இல்லை! ஐடா அம்மையார் மேல் ஒரு குற்றமும் இல்லை. வரிசையின் தொடக்கத்தில் நின்றார், கிடைத்தது. வரிசையின் வாலில் நிற்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான் இன்று நாடு நாடாக எழும் கேள்வி.

ஒரே கடை, ஒரே கல்லா, ஒரே வேலை. ஆனால் கூலி வேறு வேறு! பிரிட்டனில் இது சட்டப்படியே நடக்கிறது, தெரியுமா? 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியைப் பாருங்கள்: 21 வயது முடிந்தவருக்கு மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். 18 முதல் 20 வயதுவரை 10 பவுண்டு. அதற்கும் கீழே என்றால் 7 பவுண்டு 55 பென்ஸ். இருபது வயதுப் பையன் தூக்கும் மூட்டையின் எடையும், அவன் கொடுக்கும் அறை வாடகையும் வயதைப் பார்த்துக் குறைவதில்லையே!

இதே நாட்டில் இன்னொன்று. ஓய்வூதிய வயதைத் தாண்டியும் வேலைக்குப் போகிறவர் சம்பளத்தில் தேசியக் காப்பீட்டுத் தொகையைப் பிடிப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் அதே சம்பளம் வாங்கும் 22 வயதுப் பெண்ணிடம் பிடிப்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்விக் கடன் வேறு தலைமேல். 1998-க்கு முன்னால் உள்ளூர் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமே கட்டவில்லை. அந்த வருஷம் 1,000 பவுண்டு என்று தொடங்கியது, 2012-இல் இங்கிலாந்தில் வருஷத்துக்கு 9,000 பவுண்டு வரை போனது. வீடு? இங்கிலாந்தில் 1997-இல் நடுத்தர விலை வீட்டை நடுத்தரச் சம்பளக்காரரின் மூன்றரை வருஷச் சம்பளத்துக்கு வாங்கலாம். 2021-இல் அது ஒன்பது வருஷச் சம்பளம்! பிறகு கொஞ்சம் இறங்கியும் ஏழுக்கு மேல்தான் நிற்கிறது.

வீட்டு வரி விஷயம் இன்னும் வியப்பு. இங்கிலாந்தில் உங்கள் வீட்டுக்கான கவுன்சில் வரி எந்த அடுக்கில் விழும் என்று தீர்மானிப்பது எந்த நாளின் விலை தெரியுமா? 1991 ஏப்ரல் 1! போன மாதம் கட்டி முடித்த வீடாக இருந்தாலும், ‘1991-இல் இது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்’ என்று கணக்குப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு சில ஊர்களில் விலை எங்கோ பறந்துவிட்டது, சில ஊர்களில் தவழ்கிறது. வரிக்கு மட்டும் அது தெரியாது.

கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்தே ஒரு விதி கொண்டுவந்தார்கள். பெயர் முன்மொழிவு 13. வரிக்கான மதிப்பை 1975-ஆம் வருஷ அளவுக்குத் தள்ளி, வீடு கைமாறும்வரை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். வரி தாங்காமல் முதியவர்கள் வீட்டை இழக்கக் கூடாது என்ற நியாயமான பயம் அதன் பின்னால் இருந்தது. விளைவு? ஒரே தெரு, ஒரே அளவு, ஒட்டிய சுவர். நாற்பது வருஷமாக இருப்பவர் கட்டும் வரியைப் போலப் பல மடங்கை நேற்றுக் குடிவந்த இளம் தம்பதி கட்டுகிறார்கள்! குப்பை வண்டியும் தீயணைப்பு வண்டியும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

அவ்வளவு தூரம் ஏன், மும்பைக்கு வாருங்கள். 1947-இல் வந்த வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை என்று உறைய வைத்தது. தாத்தா பிடித்த அறை, அப்பாவுக்கு வந்தது, பேரனுக்கும் வந்தது. வாடகை அசையவில்லை! வீட்டுக்காரருக்குக் காரை பூசவும் காசு வராததால் கட்டடங்கள் இற்றுப்போயின. வாடகைக்கு விடவே உரிமையாளர்கள் அஞ்சினார்கள், புதிதாக ஊருக்குள் வந்தவர் பகடி என்று மொத்தமாக ஒரு தொகையை எண்ணிவைக்க வேண்டியிருந்தது. 2000-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் வருஷத்துக்கு 4 சதவீத உயர்வுக்கு வழி விட்டது.

இதற்கெல்லாம் மாற்றே இல்லையா என்று கேட்பவர்கள் வியன்னாவைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் பொருளாதாரம் நொறுங்கிய நகரம். 1923-இல் நகர நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் குடியிருப்பு வரி போட்டார். எளியவர் வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிகக் கடுமை. அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு நகராட்சியே வீடு கட்டியது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள்! இன்று நகராட்சி வசம் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய வரியின் பலன், கொள்ளுப்பேரன் கொடுக்கும் வாடகையில் தெரிகிறது. நார்வேயும் அப்படித்தான். கடலடி எண்ணெய் ஒரு தலைமுறைக்கு மட்டும் சொந்தமில்லை என்று 1990-இல் சட்டம் போட்டு ஒரு நிதியை உருவாக்கி, 1996-இல் அதில் முதல் பணம் போட்டார்கள். அசலில் கை வைக்காமல், எதிர்பார்க்கும் லாபமான 3 சதவீத அளவுக்கே செலவு என்பது அங்கே விதி.

இனி நம் வீட்டு வாசல். 2003 மார்ச் 31-ஆம் தேதி தமிழக அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கு, கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் என்ற பழைய திட்டம். மறுநாள், ஏப்ரல் 1 அன்று சேர்ந்தவருக்குச் சி.பி.எஸ். என்னும் பங்களிப்புத் திட்டம். மாதாமாதம் 10 சதவீதம் பிடித்தம், கடைசியில் எவ்வளவு வரும் என்ற உறுதி இருக்கவில்லை! ஒரே பள்ளி, ஒரே பாடம், இடையில் ஓர் இரவு. மத்திய அரசில் அந்தக் கோடு 2004 ஜனவரி 1. இருபது வருஷத்துக்கு மேல் குரல் கொடுத்த பிறகு 2025 ஏப்ரலில் மத்திய ஊழியர்களுக்கு ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. 25 வருஷப் பணி முடித்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி.

ஊழியர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கோட்டுக்கு இரு புறமும் இல்லாதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 100 வயதானால் இரட்டிப்பாகும், தெரியுமா? வருஷத்துக்கு இரண்டு முறை விலைவாசியைப் பார்த்து அகவிலை நிவாரணம் கணக்கிடுவார்கள். வாழ்நாளெல்லாம் நாற்று நட்ட, செங்கல் சுமந்த பாட்டிக்கு? தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் திட்டம் விரிந்தபோதும் 200. இன்றும் 200! மாநிலம் தன் பணத்தைச் சேர்த்து 2023-இல் 1,200 ஆக்கியதால்தான் இங்கே மாத்திரை வாங்கவாவது முடிகிறது. 80 வயதானால் மத்தியப் பங்கு 500. அதோடு சரி.

அந்தப் பாட்டியின் பேரன் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனுக்கு எந்தத் தேதியிலும் ஓய்வூதியம் எழுதப்படவில்லை. ஆனால் அவன் வாங்கும் சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் போகும் வரி, எல்லோருடைய ஓய்வூதியத்துக்கும் சேர்ந்தே போகிறது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும், எந்தக் கட்சி என்று பார்க்காமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ‘அந்த 200 ரூபாயையும் விலைவாசியோடு சேர்த்துக் கட்டுவீர்களா, எந்த வருஷத்துக்குள்?’