இருதய ரண சிகிச்சைக்குப் பின் மருந்தின்றி வலி தணித்தல்

மார்பைத் திறந்து இருதயத்திற்கு ரண சிகிச்சை செய்துகொண்ட ஒருவன், கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பஸ்ஸேறி, கல்வராயன் மலைச்சாலையின் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி வீடு திரும்புகிறானென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது அவனை வருத்துவது இருதயமன்று, மார்பெலும்பேயாம்.

நமது தேசத்தில் மார்பு ரண சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு, 1949ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. இன்று இச்சிகிச்சை அரிதன்று. அதற்குப்பின் வீட்டில் நோயாளியைப் பேணும் முறையை அறிந்தோரே அரியர்.

பெரும்பாலும் மார்பின் நடுவெலும்பை நெடுக அறுத்துத் திறந்து, பின்னர் உலோகக் கம்பியால் பிணைத்துவிடுகின்றனர். அது கூடி உறுதிபெற இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். ஆழ்ந்து மூச்சிழுத்தால் வலிப்பதால் நோயாளி மேலோட்டமாகவே சுவாசிப்பான், இருமலையும் அடக்குவான். சளி உள்ளே தங்கும், நுரையீரலின் அடிப்பாகம் காற்றின்றிச் சுருங்கும், சுரமும் காணக்கூடும். ஆதலின் வலி தணித்தல் சுகத்திற்காக மட்டுமன்று.

இதற்குச் சிறந்த உபாயம் ஒரு தலையணை. மடித்த போர்வையும் போதும். அதை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால், அறுபட்ட எலும்பின் இருபுறமும் அதிகம் அசையாமல் தாங்கப்பெறுகின்றன. பஸ்ஸிலும் அது மடியிலிருத்தல் நலம். படுக்கையினின்று எழுகையில் ஒருக்களித்துப் புரண்டு, கால்களைத் தொங்கவிட்டு எழவேண்டும். அன்பு மிகுதியால் உறவினர் கையைப் பிடித்திழுத்துத் தூக்குவது பெருந்தீங்கு.

முழங்கால் இடிபட்டால் நாம் தேய்த்துவிட்டுக்கொள்வது ஏன்? ஸ்பரிச உணர்ச்சி முதுகுத்தண்டில் வலியின் செய்தியை ஓரளவு தடுக்கிறதென மெல்ஸாக், வால் என்னும் இருவர் 1965இல் விளக்கினர். காயத்தைத் தொடாமல் தோளையும் முதுகையும் மெல்லப் பிடித்துவிட்டால் நோயாளி ஆறுதலடைவது இதனாலேயாம். இனிய சங்கீதமும், ஜபமும், நிதானமான சுவாசமும் அச்சத்தைக் குறைத்து வலியையும் குறைக்கும்.

எனினும் இவை மருந்திற்குத் துணையேயன்றி மாற்றல்ல. வைத்தியர் கொடுத்த மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. மலையில் கிடைக்கும் பச்சிலையை அரைத்துக் காயத்தின்மேல் அப்புதலும் கூடாது. வைத்தியர் அனுமதிக்கும்வரை தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் பிறர் சுமக்கட்டும். எலும்பு ‘கடக்’கென ஒலித்தாலும், காயத்தில் சீழ் வடிந்தாலும், சுரமோ மூச்சுத் திணறலோ கண்டாலும், தலையணையை நம்பியிராமல் அன்றே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு இறங்கிவிட வேண்டும்.