குப்பையில் கட்டிய ராஜ்யம்



ஒரு தடவை ஸ்டோருக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். செம்பனை வந்த பிறகு ரப்பர் காலத்துச் சாமான்கள் அங்கேதான் கிடக்கின்றன. வாய் உடைந்த மங்குகள், பிடி போன உளிகள், ஓட்டை வாளிகள், துருப்பிடித்த கம்பி, சக்கரம் இல்லாத சைக்கிள். பழைய இரும்புக்காரன் லோரியோடு வந்தால் இரும்பு மட்டும் கிலோ கணக்கில் போய்விடும். மங்கை அவன்கூடத் தொடமாட்டான். "இந்தக் குப்பையெ வச்சுக்கிட்டு என்னய்யா பண்றது?" என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்காத ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர் பெயர் நேக் சந்த். கலைப்பள்ளியில் படித்த சிற்பி அல்ல. பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டர். நம்ம கணக்கில் சொன்னால் மண்டோருக்குக் கொஞ்சம் மேலே, துரைக்கு ரொம்பக் கீழே. 1924-ம் ஆண்டில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, ஊரை விட்டுவிட்டு இந்தியப் பக்கம் வந்து சேர்ந்தார். சண்டிகார் என்ற புது நகரம் கட்டுகிற இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. லெ கொர்பூசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் திட்டம் போட்டுக் கொடுத்த நகரம் அது. நேர் நேராகச் சாலை, கட்டம் கட்டமாக வீடு. அந்த அழகு நகரத்துக்கு நிலம் வேண்டுமென்று இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களை இடித்துத் தள்ளினார்கள்.

லயத்தை இடித்தால் என்ன மிஞ்சும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீலாய், லாபு, செண்டாயான் பக்கமெல்லாம் தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது பார்த்தவர்கள்தானே நாம்! ஓடு, அடுப்புக்கல், உடைந்த வளையல், பிள்ளைகளின் பொம்மைக் கால். சண்டிகாரிலும் அதேதான் மிஞ்சியது. ஊரை இழந்து வந்த அந்த மனிதர், ஊரை இழந்த மற்றவர்களின் வீட்டுச் சில்லறைகளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

எங்கே கொண்டு போனார்? சுக்னா ஏரிப் பக்கம் ஒரு காடு. யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்த நிலம். 1957 வாக்கில் அங்கே புதரை வெட்டி ஒரு சின்ன இடம் ஒழுங்கு பண்ணினார். பகலில் சர்க்கார் வேலை, வேலை முடிந்ததும் காடு. இருட்டிவிட்டால் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை. (அந்த டயரில் எந்த ஊர் ரப்பர் எரிந்ததோ, யார் கண்டது!) வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஒரு சங்கக்காரன் என்கிற முறையில் சம்பளமில்லாத ஓவர்டைம் எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் இது எந்தத் துரைக்கும் செய்த வேலை அல்ல. அவருடைய சொந்த நேரம்.

அவர் செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். சைக்கிள் பாகங்களே பல உருவங்களுக்கு எலும்பு. சீட்டு மிருகத்தின் தலை ஆனது, முன்பக்கத்துக் கவட்டை காலானது, நடுச் சட்டம் உடம்பானது. மேலே சிமெண்டு பூசி, ஈரம் காய்வதற்குள் உடைந்த வளையல், பீங்கான், ஓட்டுத் துண்டு ஆகியவற்றைப் பதித்தார். தண்ணீர்க்குடம் தூக்கிய பெண்கள், வரிசை பிடித்த ஆட்கள், குரங்குகள், மயில்கள் என்று ஒரே உருவம் நூறு நூறாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரட்டுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி இருக்கும். தார் டிரம்மை அடுக்கி மதில் கட்டினார். எரிந்துபோன டியூப் விளக்கு, மின்சாரச் சாமான், உடைந்த கழிவறைப் பீங்கான் எதையும் விடவில்லை. சின்ன வயதில் தாயார் சொன்ன ராஜா ராணிக் கதைகள் மனசிலே கிடந்தன. அதனால் அதை ஒரு ராஜ்யமாகவே நினைத்துக் கட்டினார்.

எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது பன்னிரண்டு ஏக்கர் அளவுக்கு வளர்ந்திருந்தது. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு, இடித்துத் தள்ளவேண்டியது. ஆனால் செய்தி பரவி, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அரசாங்கம் இறங்கி வந்து, 1976-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அவருக்கு அந்த வேலையையே உத்தியோகமாக்கிச் சம்பளம் கொடுத்தது, கூட ஐம்பது ஆட்களையும் கொடுத்தது. நான் இதை அடிக்கோடு போட்டுப் படித்தேன். பாராட்டு மாலை எல்லோரும் போடுவார்கள். சம்பளமும் ஆட்பலமும் கொடுப்பது அபூர்வம். 1983-ல் அந்தத் தோட்டத்தின் படம் இந்தியத் தபால்தலையில் வந்தது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது.

அதோடு நிம்மதி வந்துவிட்டதா என்றால், இல்லை. 1989-90 வாக்கில், பெரிய மனிதர்கள் போய்வர ஒரு சாலை போடவேண்டும் என்று தோட்டத்தின் ஒரு பகுதியை எடுக்கப் பார்த்தார்கள். புல்டோசர் வந்தது. நூற்றுக்கணக்கான ஊர் ஜனங்கள் கைகோத்துக் குறுக்கே நின்றார்கள். இயந்திரம் திரும்பிப் போனது. கோர்ட்டிலும் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. பிறகு 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காவல் இல்லாத இடத்தில் எவனோ புகுந்து சிலைகளை உடைத்துப் போட்டான். அதையும் சரிக்கட்டி எழுந்து நின்றது அந்தத் தோட்டம். நேக் சந்த் 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் தம் தொண்ணூறாவது வயதில் காலமானார்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு தொழிலாளி இருந்தார். இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன சைமன் ரோடியா. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், 1921 முதல் 1954 வரை, இரும்புக் கம்பியும் சிமெண்டும் உடைந்த பீங்கானும் பாட்டிலும் வைத்துத் தனி ஆளாகக் கோபுரங்கள் கட்டினார். உயரமானது கிட்டத்தட்ட நூறு அடி. ஆபத்து, இடிக்கவேண்டும் என்று நகராட்சி சொன்னது. 1959-ல் இயந்திரம் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த இயந்திரம்தான் தோற்றது.

ஊர்ப்பக்கம் போகிறவர்கள் சண்டிகார்வரை போகவேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிற வழியாகப் போனால், மலம்புழாவில் நேக் சந்த் அமைத்துக் கொடுத்த தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் அதே உடைந்த வளையலும் ஓடும்தான்.

இனி நம்ம கதைக்கு வருவோம். தோட்டம் கைமாறும்போது நஷ்டஈடு பேசுகிறோம், மாற்று வீடு பேசுகிறோம், கோயில், பள்ளிக்கூடம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த மகஜரில் நம் கை பட்ட சாமான்கள் ஒரு வரியிலும் வருவதில்லை. அப்பா தோளில் சுமந்த காண்டா, அம்மா கழுவிக் கவிழ்த்த மங்கு, தகர டின்னில் தாத்தா வெட்டிச் செய்த சாமிவிளக்கு எல்லாம் லோரியில் மண்ணோடு மண்ணாகப் போகின்றன. பேரப்பிள்ளைக்கு மங்கு என்றால் சாப்பிடுகிற மங்குதான் தெரியும். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிச் சுவரில் ஒரு பால்வெட்டுக்காரர், கூடை சுமந்த ஓர் அம்மா, மங்குத் துண்டாலேயே பதித்து நின்றால் அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தோட்டக் கமிட்டியும் சேர்ந்தால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடிகிற காரியம். பழைய சாமானை எடுக்க நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குப்பையை எடுத்தவனையே கள்ளன் என்று சொல்ல ஆள் இருக்கிறது.

இரண்டு சாமானை மட்டும் கண்டிப்பாகத் தொடவேண்டாம். ஒன்று, பழைய லயத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு. அதை உடைத்தால் வருகிற தூசு நுரையீரலுக்குப் போய் வருஷங்கள் கழித்துக் கொல்லும். இன்னொன்று, மருந்து டின். பாராகுவாட்டை 2020-லிருந்து இந்த நாட்டில் தடை செய்துவிட்டாலும், பழைய டின்கள் புதரில் இன்னும் கிடக்கலாம். கழுவினாலும் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது.

மற்றது சுலபம். கம்பியை வளைத்து உருவம் கட்டி, கோழிவலையைச் சுற்றுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். மங்கைச் சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டினால் சில்லு கண்ணில் தெறிக்காது. கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குங்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே பதித்து, கூரான விளிம்பைச் சிமெண்டுக்குள் அழுத்திவிடுங்கள். பிறகு வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வாருங்கள்.