விசையுந்து வேகமானியின் முள் துள்ளல்

முள் துள்ளல் என்பது, பொறிமுறை வேகமானி கொண்ட பழைய விசையுந்துகளில், வண்டி சீரான வேகத்தில் செல்லும்போதும் வேகமானியின் முள் ஓரிடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் தாவும் கோளாறு ஆகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியில் முள் 15க்கும் 50க்கும் இடையே ஆடுவது உண்டு. மீட்டர் பழுதாகி விட்டது எனக் கருதி அதனையே மாற்றி விடுவோர் பலர். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் கோளாறு இருப்பது, சக்கரத்தையும் மீட்டரையும் இணைக்கும் கேபிளில் ஆகும். தேவையின்றி மீட்டரை மாற்றுவதால் பணம் வீணாவதோடு, வண்டி அதுவரை ஓடிய தூரக் கணக்கும் போய்விடுகின்றது. புதிய மீட்டரிலும் முள் துள்ளிக் கொண்டே இருக்கும்.

அமைப்பு

எண்ணெய் மாற்றும் காலத்தையும், பழைய வண்டியை வாங்கும்போது அதன் தேய்மானத்தையும் அறிய உதவும் தூரமானி, வேகமானியின் உள்ளேயே அமைந்துள்ளது. இரண்டையும் ஒரே கேபிள் இயக்குகின்றது. திருவொற்றியூரில் 1950களிலிருந்து உருவாக்கப்பட்ட புல்லட், 1985இல் அறிமுகமான யமஹா ஆர்.எக்ஸ்.100 முதலிய வண்டிகளில் கேபிளின் கீழ்முனை முன்சக்கரக் குடத்தில் உள்ள ஒரு சிறு பற்சக்கர அமைப்புடன் இணைகின்றது. பட்டறைகளில் இதனை மீட்டர் வார்ம் என்பர். வேறு சில வண்டிகளில் இந்த இணைப்பு கியர் பெட்டியில் இருக்கும்.

கேபிள் இரண்டு பகுதிகளைக் கொண்டது. வெளியே அசையாத உறை. அதனுள்ளே பல அடுக்குகளாக முறுக்கிய எஃகு இழைகளாலான உட்கம்பி. உட்கம்பியின் இரு முனைகளும் சதுர வடிவில் இருக்கும். சக்கரம் சுழலும்போது உட்கம்பி மட்டும் உறைக்குள் சுழலும். ஒரு கிலோமீட்டருக்கு உட்கம்பி எத்தனை முறை சுழல வேண்டும் என்பது மீட்டருக்கு மீட்டர் வேறுபடும். எடுத்துக்காட்டாக, ஒரு மீட்டர் கிலோமீட்டருக்கு 1400 சுற்று என்ற கணக்கில் செய்யப்பட்டிருந்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதாவது நிமிடத்திற்கு ஒரு கிலோமீட்டர் ஓடும்போது, உட்கம்பி நிமிடத்திற்கு 1400 முறை சுழலும். ஒரு வண்டியின் மீட்டரை மற்றொரு வகை வண்டியில் பொருத்தினால் தவறான வேகம் காட்டுவது இதனாலேயே.

இயங்கும் விதம்

மீட்டரின் உள்ளே உட்கம்பி ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றுகின்றது. காந்தத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு ஓர் அலுமினியக் கிண்ணம் அமைந்துள்ளது. முள் இக்கிண்ணத்தின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம் எனினும், சுழலும் காந்தப்புலம் அதனுள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அம்மின்னோட்டம் தோற்றுவிக்கும் விசை, காந்தம் சுழலும் திசையிலேயே கிண்ணத்தையும் இழுக்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் கிண்ணத்தை மறுதிசையில் பிடித்து நிறுத்தும். காந்தம் எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றதோ அவ்வளவு தூரம் முள் நகரும். செருமானியரான ஒட்டோ சூல்சே 1902இல் காப்புரிமை பெற்ற இம்முறை, மின்னணு வேகமானிகள் பரவும் வரை ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகெங்கும் பயன்பட்டது.

முள்ளும் கிண்ணமும் மிகவும் இலேசானவை. ஆதலால் காந்தத்தின் வேகத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் அவை உடனே காட்டிவிடும். முள் துள்ளுகின்றது எனில், பெரும்பாலும் கேபிளின் மேல்முனை உண்மையாகவே அவ்வாறு விட்டுவிட்டுச் சுழல்கின்றது என்று பொருள்.

துள்ளலின் காரணம்

உறைக்குள் கிரீஸ் வறண்டாலோ துரு ஏறினாலோ உட்கம்பி ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும். கீழ்முனையைச் சக்கரம் தொடர்ந்து சுழற்ற, ஒட்டிய இடத்திற்கு மேலுள்ள பகுதி நிற்க, இடைப்பட்ட கம்பி முறுக்கேறுகின்றது. முறுக்கம் உராய்வை மிஞ்சியவுடன் கம்பி சட்டென விடுபட்டு, சக்கரத்திற்குரிய வேகத்தை விட விரைவாக ஒரு கணம் சுழலும். முள் மேலே தாவும். பின் கம்பி மீண்டும் ஒட்டும், முள் விழும். நிலை உராய்வு இயங்கு உராய்வை விட மிகுதி என்று பள்ளிப் பாடத்தில் படிப்பதன் விளைவே இது. மெதுவாகச் செல்லும்போது துள்ளல் கடுமையாகவும், வேகம் கூடும்போது குறைவாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். வேகமாகச் சுழலும் கம்பிக்கு ஒட்டிக்கொள்ள நேரம் இல்லை.

ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் முள் துள்ளினால் கேபிள் செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். விளக்கு அல்லது போர்க்கின் அருகே கேபிள் கூர்மையாக மடங்கினால், அவ்விடத்தில் உட்கம்பி உறையை அழுத்தி உராயும்.

திருத்தணி மலைப்பாதையில் இவ்விரண்டு நிலைமைகளும் சேர்ந்து அமைகின்றன. ஆறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூரின் முருகன் கோயிலுக்கு 365 படிகள் வழியாகவும், வளைந்து ஏறும் வாகனச் சாலை வழியாகவும் செல்லலாம். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஓரளவு நிலையாக நின்ற முள், மலைப்பாதையில் இரண்டாம் கியரில் 20 கி.மீ. வேகத்தில் வளைவுகளைக் கடக்கும்போது ஆடத் தொடங்கும். வண்டி திடீரெனக் கெட்டுவிட்டதாகத் தோன்றினாலும் கேபிள் முன்னரே வறண்டிருக்கும். மே மாதத்தில் அடிக்கடி 40 பாகை செல்சியசைத் தாண்டும் இவ்வூரின் வெப்பத்தில் மலிவான கிரீஸ் இளகிக் கீழே வடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் நீர் புகுந்தால் துரு ஏறும். ஆடிக் கிருத்திகைக் காலத்தில் காவடி எடுத்து வரும் அடியார்கள் சாலைகளில் நெருக்கமாக நடந்து செல்வர். அப்போது வேகத்தை நம்பகமாக அறிய இயலாத வண்டியை ஓட்டுவது பிறருக்கும் தீங்கானது. முள் சரியாகும் வரை, கைப்பேசியின் செயற்கைக்கோள் வேகக் கணிப்பை வண்டியை ஓட்டுபவர் பார்க்காமல் பின்னால் அமர்ந்திருப்பவர் பார்த்துச் சொல்லலாம்.

சோதித்தல்

முதலில் மீட்டரின் அடியிலுள்ள திருகு மூடியைக் கழற்றி, கேபிளின் மேல்முனையை வெளியே எடுக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, முன்னோக்கிச் சுழற்றி, உட்கம்பியின் முனையைக் கவனிக்க வேண்டும். அது தயங்கித் தயங்கிச் சுழன்றால் பழுது கேபிளிலோ வார்மிலோ உள்ளது. பின் கீழ்முனையையும் கழற்றி, உட்கம்பியை விரல்களால் உருட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும். கம்பியை உருவி, சமமான தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவது நல்ல சோதனை. நேரான கம்பி வழுக்கிக்கொண்டு உருளும். மடிப்பு விழுந்த கம்பி அவ்விடத்தில் துள்ளும். மடிப்பு விழுந்ததையும் இழை பிரிந்ததையும் சரிசெய்ய முயல்வது வீண்; புதிய கேபிள் வாங்குவதே முறை.

பஞ்சர் ஒட்டிய பின் துள்ளல் தொடங்கியிருந்தால் வார்மைப் பார்க்க வேண்டும். அதன் காதுகள் சக்கரக் குடத்தின் பள்ளங்களில் சரியாக அமராமல் ஆக்சிலை இறுக்கினால் அவை நசுங்கிவிடும். பட்டறைகளில் அவசரத்தில் நேரும் பிழைகளுள் இது மிகவும் பொதுவானது.

சரிசெய்தல்

உட்கம்பியை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்த வேண்டும். உறைக்குள்ளும் மண்ணெண்ணெய் ஊற்றி, அழுக்கு வெளியேறிய பின் தொங்கவிட்டு முற்றிலும் காயவிட வேண்டும். பின்னர் உட்கம்பியின் கீழ்ப்பகுதியில் மட்டும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். மேல்முனையில் சுமார் 15 செ.மீ. நீளத்திற்கு ஒன்றும் தடவக் கூடாது. முறுக்கிய இழைகளைக் கொண்ட கம்பி சுழலும்போது, கிணற்றிலிருந்து நீரேற்றும் திருகைப் போல, மிகுதியான கிரீஸை மேலே ஏற்றிவிடும். அது மீட்டருக்குள் புகுந்து காந்தத்திற்கும் கிண்ணத்திற்கும் இடையே ஒட்டினால், முள் உச்சத்திற்குச் சென்று நின்றுவிடும். கேபிளின் மேல்முனையில் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்க்கும் வழக்கம் பல நல்ல மீட்டர்களைக் கெடுத்திருக்கின்றது. கழிவு எஞ்சின் எண்ணெயும் ஏற்றதன்று.

உட்கம்பியைத் திரும்பச் செருகும்போது மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் கீழுள்ள சதுரக் குழியில் தானே அமரும். மேல்முனை உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவும் முக்கியமானது. மிகுதியாக நீட்டினால் மீட்டரின் அச்சை அழுத்தித் துள்ளலை உண்டாக்கும். குறைந்தால் பிடிமானம் இன்றி நழுவும். வேற்று வண்டிக்குரிய கேபிளை வாங்கிப் பொருத்துவோர் பெரும்பாலும் இதில்தான் இடறுகின்றனர். சதுரமுனை அமர்ந்ததை உறுதி செய்யாமல் மூடியை இறுக்கக் கூடாது. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, கேபிள் எங்கும் மடங்காமலும் இழுபடாமலும் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

மீட்டரே பழுதானால்

கேபிள் சீராகச் சுழன்றும் முள் துள்ளினால் மட்டுமே மீட்டரை ஐயுற வேண்டும். கீச்சிடும் ஒலி அதன் அச்சு வறண்டதைக் காட்டும். தூரமானியின் பற்கள் சிக்கினாலும் காந்தம் தடைபடும். மயிரிழைச் சுருள்வில் எளிதில் கோணிவிடும் ஆதலால் மீட்டரை வீட்டில் திறப்பதை விட மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நன்று. மாற்ற நேர்ந்தால், பழைய மீட்டர் காட்டிய தூரத்தைத் தேதியுடன் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த சில பிரித்தானிய விசையுந்துகளில் சுமித்சு நிறுவனத்தின் கடிகார முறை வேகமானிகள் பொருத்தப்பட்டிருந்தன. இவை காந்தத்தால் இயங்குவன அல்ல. குறித்த கால இடைவெளியில் சுற்றுகளை எண்ணி முள்ளை நகர்த்துவதால், வேகம் மாறும்போது முள் படிப்படியாகத் தாவுவது இவற்றின் இயல்பாகும், பழுது அன்று.