குண்டு விழும் பொட்டல்

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் போர் விமானம் ஒரு நொடியில் 250 மீட்டரைக் கடந்துவிடும். 500 மீட்டர் உயரத்தில் கழற்றிவிட்ட குண்டு தரையைத் தொடப் பத்து நொடி ஆகும். விமானத்தின் வேகம் அதற்கும் இருப்பதால், விழுந்துகொண்டே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் முன்னால் போய்விடும். நம் கரிசல் ஊரான திருச்சுழியின் கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே விட்ட குண்டு ஊரைத் தாண்டிக் காட்டில்தான் விழும். அரை நொடி பிந்தினால் 125 மீட்டர் தவறும். அதனால்தான் விமானிகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுகிறார்கள்.

பழகுவதற்கு ஆளில்லாத பெருநிலம் வேண்டும். நம் விமானப்படைக்கு அப்படி அமைந்தவற்றில் சில, ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கமுள்ள சாந்தன், பொக்ரான் களங்கள். இத்தகைய களத்தில் தரையில் பெரிய வட்டம் போட்டிருப்பார்கள். பயிற்சிக் குண்டு சில கிலோ எடைதான். உண்மையான குண்டைப் போலவே விழும்படி வடிவமைத்து, புகை கிளம்ப மட்டும் கொஞ்சம் மருந்து வைத்திருப்பார்கள். தூரத்தில் இரண்டு கோபுரங்களில் நிற்பவர்கள் புகை எழும் திசையை ஆளுக்கொரு கோணமாகக் குறிப்பார்கள். வரைபடத்தில் அந்த இரு கோடுகளும் வெட்டும் இடம்தான் குண்டு விழுந்த இடம். எவ்வளவு தள்ளி விழுந்தது என்று வானொலியில் விமானிக்குச் சொல்லிவிடுவார்கள். இன்று பல களங்களில் அந்த வேலையைக் கேமராக்கள் பார்த்துக்கொள்கின்றன.

உண்மையான குண்டுகளும் போடப்படுவதுண்டு. 2024 பிப்ரவரியில் பொக்ரானில் நடந்த விமானப்படையின் 'வாயு சக்தி' ஒத்திகையில் போட்டார்கள். அவற்றில் சில வெடிக்காமல் மணலில் புதைந்துவிடும். காற்று மணலை நகர்த்தும்போது வெளியே தெரியும். பழைய இரும்புக்கு விற்கலாம் என்று எடுக்கப்போய் உயிரிழந்தவர்கள் அங்கே உண்டு. நம் கரிசலில் குண்டு புதைந்தாலும் இப்படி வெளியே வரக்கூடும். வெயிலில் வெடித்து மழையில் உப்பும் அந்த மண், புதைந்த கல்லை ஆண்டுக்காண்டு மேலே தள்ளுவதை உழுகிறவர்கள் அறிவார்கள்.

மனிதர் அதிகம் நுழையாததால் பொக்ரான் களத்தில் ஓர் உயிர் பிழைத்திருக்கிறது. உலகில் சொற்பமாகவே எஞ்சியுள்ள கானமயில் என்னும் பறவை அந்தப் புல்வெளியில் முட்டையிடுகிறது. நெஞ்சை நிறைக்கும் செய்தி இது. ஆனால், யாருக்கும் வேண்டாத பொட்டல் என்று எந்த நிலத்தையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுப்பு முடிந்த காட்டில் கிடை போடுகிறவர்களும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும் வாழும் பூமி நம்முடையது. தார்ப் பாலைவனத்திலும் ஆட்டுக்காரர்களும் ஒட்டகம் மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். களத்தின் எல்லையைக் குண்டு அறியாது: 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலைத் துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த ஒரு தோட்டா, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன்மேல் பாய்ந்தது; சில நாளில் அவன் உயிரிழந்தான்.

1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு ஒரு நிலத்தை ராணுவப் பயிற்சிக் களமாக்கலாம். சேதத்துக்கு இழப்பீடும் தரவேண்டும். ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட்டில் பழங்குடி மக்கள் 1990-களிலிருந்து பீரங்கிக் களத்தை எதிர்த்து நின்றார்கள். 2022-இல் அறிவிக்கையின் காலம் முடிந்தபோது, அதைப் புதுப்பிப்பதில்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது.