ஒரே வருஷம், மூணு எண்: உலக வெப்ப மேப்பை நாமே போட்டுப் பார்க்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும்.

போன சீசன்ல வெயில் பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கா? அதுக்கு ஒரு போஸ்டர் போட்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு உலக மேப். இடது பக்கம் 1998, வலது பக்கம் 2024. இடது பக்கத்துல அங்கங்க நீலம், அங்கங்க வெளிர் சிவப்பு. வலது பக்கத்துல உலகத்தையே அடுப்புல வெச்ச மாதிரி இருக்கும். நிறைய பேர் ஷேர் பண்ணீங்க. அந்தப் போஸ்டர் தப்பு.

கண்டுபிடிச்சது எங்க பெரியப்பா. சர்வேயரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல படத்தை ஜூம் பண்ணி, மேப்புக்கு மேல பொடி எழுத்துல இருந்த தலைப்பை வட்டம் போட்டு அனுப்பினார். "ஏம்மா, ரெண்டுக்கும் பெஞ்ச் மார்க் வேற வேறயா இருக்கே?" அதுக்குக் கீழயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "வெயில் ஏறுது ஏறுதுன்னு இப்படித்தான் ஜோடிக்கிறாங்களா?" மூணு சித்தப்பாக்கள் கட்டைவிரல் தூக்கிட்டாங்க.

"எங்க காலத்துலயும் இதே கத்திரி வெயில்தான்" என்பது பெரியப்பாவோட ரொம்ப நாள் கட்சி. அவர் சொல்றது தப்புன்னு காட்டப் போய், அவருக்கு நானே ஆதாரம் தயார் பண்ணிக் கொடுத்துட்டேன். அதான் இன்னைக்கு அந்த மேப்பை எப்படிப் போடறது, நான் எங்க சறுக்கினேன்னு ஒழுங்கா சொல்லிடறேன்.

நான் பயன்படுத்தினது நாசாவோட 'ஜிஸ்டெம்ப்' மேப் பக்கம். காடர்ட் விண்வெளி ஆய்வு நிறுவனம் நடத்தறது. இலவசம், லாகின் கிடையாது, கோடிங் தெரிய வேண்டாம். 'ஜிஸ்டெம்ப் மேப்ஸ்'னு தேடினா வரும். 1880-ல இருந்து தரவு இருக்கு. பக்கத்தைத் திறந்தா சில பெட்டிகள்: எந்த மாசம் அல்லது முழு வருஷமா, எந்த வருஷத்துல இருந்து எது வரைக்கும், பேஸ் பீரியட் என்ன, ஸ்மூத்திங் எவ்வளவு, மேப் எந்த வடிவத்துல வேணும். தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினா சில வினாடியில மேப் வந்துடும். மேப்போட வலது மேல் மூலைல ஒரு எண் இருக்கும், கவனிங்க. மொத்த உலகத்துக்கான சராசரி அதுதான்.

முதல்ல ஒண்ணு புரியணும். அந்த மேப் வெப்பநிலையைக் காட்டலை, விலகலைக் காட்டுது. ஒரு இடம் தன்னோட வழக்கத்தை விட எவ்வளவு கூடியிருக்கு, எவ்வளவு குறைஞ்சிருக்கு என்பதுதான் நிறம். ஏன் இப்படி? மதுரையையும் கொடைக்கானலையும் எடுத்துக்கோங்க. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் தூரம்தான், ஆனா ஒண்ணுல ஃபேன், இன்னொண்ணுல ஸ்வெட்டர். நேரடி வெப்பநிலையை வெச்சு ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணைச் சொல்ல முடியாது. ஆனா ஒரு ஏப்ரல் மாசம் மதுரைல வழக்கத்தை விடச் சூடா போச்சுன்னா, பெரும்பாலும் கொடைக்கானலுக்கும் அது வழக்கத்தை விடச் சூடான ஏப்ரலாத்தான் இருக்கும். விலகல் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும்.

ஜேம்ஸ் ஹான்சன், செர்கே லெபடெஃப் ரெண்டு பேரும் 1987-ல காட்டினது இதைத்தான். சுமார் 1,200 கிலோமீட்டர் வரைக்கும் கூட இந்த ஒற்றுமை ஓரளவு நிக்குது. அதனாலதான் ஸ்மூத்திங் பெட்டியில 1,200, 250 என ரெண்டு எண் இருக்கு. 1,200 வெச்சா மேப் நிறைஞ்சு அழகா வரும். 250 வெச்சா ஆப்பிரிக்கா, துருவப் பகுதிகள்ல சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். சாம்பல்னா அங்க போதுமான அளவீடு இல்லைன்னு அர்த்தம். எனக்கு 250 தான் பிடிக்கும். எது தெரியும், எது தெரியாதுன்னு மறைக்காம சொல்லுது.

சரி, வில்லனுக்கு வருவோம். பேஸ் பீரியட். 'வழக்கத்தை விட'ன்னு சொல்றோமே, அந்த வழக்கம் எந்தக் காலத்தோட வழக்கம்? ஜிஸ்டெம்ப்ல தானா வர்றது 1951 முதல் 1980 வரையிலான 30 வருஷச் சராசரி. வேணும்னா மாத்திக்கலாம்.

பெரியப்பாவோட பாஷையில சொன்னா இது அப்படியே லெவல் எடுக்கற வேலை. ஒரு தெருவோட மட்டம் எவ்வளவுன்னு தனியா சொல்ல முடியாது, ஒரு பெஞ்ச் மார்க்ல இருந்து எவ்வளவு மேலன்னுதான் சொல்ல முடியும். இந்தத் தெருவை ஒரு பெஞ்ச் மார்க்ல இருந்தும், அடுத்த தெருவை வேற ஒண்ணுல இருந்தும் அளந்துட்டு, "அந்தத் தெரு மேடு, இந்தத் தெரு பள்ளம்"னு சொன்னா மழைத்தண்ணி சிரிக்கும். (இது அவரோட டயலாக், என்னோடது இல்லை.)

நான் பண்ணது அதேதான். 1998 மேப்பை 1991–2020 சராசரியோட ஒப்பிட்டுப் போட்டேன். டீ குடிக்கப் போனேன், வந்து பக்கத்தை ரீலோட் பண்ணேன், பேஸ் பீரியட் பழையபடி 1951–1980க்குத் திரும்பிடுச்சு. அதைக் கவனிக்காம 2024 மேப்பை எடுத்தேன்.

எவ்வளவு பெரிய தப்புன்னு எண்ணுல பாருங்க. 1951–1980 சராசரியை விட 1998-ம் வருஷம் 0.61 டிகிரி கூட. 2024, நாசா அறிவிச்சபடி, 1.28 டிகிரி கூட. ஒரே பெஞ்ச் மார்க். வித்தியாசம் 0.67 டிகிரி. ஆனா 1998-ஐ 1991–2020 சராசரியோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட பூஜ்யம் வரும், ஏன்னா அந்த 30 வருஷமே ஏற்கனவே சூடான 30 வருஷம். ஆக, என் போஸ்டர் பூஜ்யத்துல இருந்து 1.28க்குத் தாவினதா காட்டுச்சு. உண்மையை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெரியப்பா பிடிச்சது நியாயமான பாயிண்ட்.

அவர் அதுல இருந்து எடுத்த முடிவு மட்டும்தான் நியாயம் இல்லை. ஒழுங்கா ஒப்பிட்டாலும் 0.67 டிகிரி ஏறியிருக்கு, 26 வருஷத்துல. எந்த பேஸ் பீரியடை வெச்சாலும், ரெண்டு மேப்புக்கும் அதையே வெச்சா, அந்த இடைவெளி மாறாது. பெஞ்ச் மார்க்கை நகர்த்தினா ரெண்டு தெருவோட எண்ணும் சேர்ந்துதான் நகரும்.

செய்திகள்ல வர்ற குழப்பமும் இதுதான். 2024 பத்தி ஒரு இடத்துல 0.72, இன்னொரு இடத்துல 1.28, வேறொரு இடத்துல 1.60ன்னு படிச்சிருப்பீங்க. இதுல 0.72, 1.60 ரெண்டையும் சொன்னது ஐரோப்பாவோட கோப்பர்நிகஸ் அமைப்பு, அதுவும் ஒரே தரவை வெச்சு. 1991–2020ஐ விட 0.72 கூட, 1850–1900ஐ விட 1.60 கூட. 1.28 நாசாவோடது, 1951–1980ஐ விட. பாரிஸ் ஒப்பந்தத்துல வர்ற 1.5 டிகிரி தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தை வெச்சுச் சொல்றது. அதனால யாராவது 0.72ஐக் காட்டி "இன்னும் பாதி கூட வரலையே"ன்னு சொன்னா, எந்தக் காலத்தை விடன்னு கேளுங்க.

இன்னொரு பொறி, வருஷத்தைத் தேர்ந்தெடுக்கறது. 1998 வலுவான எல் நினோ வருஷம். 2024ம் எல் நினோவோடதான் தொடங்குச்சு, அதனால அந்த ஜோடி ஓரளவு நியாயமானது. ஆனா 1998க்குப் பக்கத்துல 2008ஐப் போட்டுப் பாருங்க, 2008 குறைவா வரும். லா நினாவோட வேலை. இதை வெச்சே "1998க்கு அப்புறம் சூடு ஏறவே இல்லை"ன்னு சிலர் வருஷக்கணக்கா ஓட்டினாங்க. இதுல இருந்து தப்பிக்க மேப் வகைல 'ட்ரெண்ட்ஸ்'னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷத்தை மட்டும் பிடிக்காம, நடுவுல இருக்கற எல்லா வருஷத்தையும் சேர்த்து, மொத்தத்துல எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டும்.

1901-ல இருந்து ட்ரெண்ட் மேப் போட்டு நான் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன். ஆர்க்டிக் பக்கம் அடர் சிவப்பு. 1979க்கு அப்புறம் அந்தப் பகுதி உலகச் சராசரியை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா சூடாகியிருக்குன்னு 2022-ல ஒரு ஆய்வு வந்துச்சு. கிரீன்லாந்துக்குத் தெற்கே, கடல்ல, தனியா ஒரு நீலத் திட்டு. அந்த ஒரு இடம் மட்டும் பிடிவாதமா சூடாகலை. வடக்கே வெப்பத்தைக் கொண்டு போற அட்லாண்டிக் நீரோட்டம் பலவீனமாகிறதுதான் காரணமான்னு விஞ்ஞானிகள் விவாதிச்சுட்டு இருக்காங்க. அது தனி எபிசோடு.

அப்புறம் நம்ம இந்தியா. வெளிர் நிறம். 1901–2018 காலத்துல இந்தியாவோட சராசரி சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்குன்னு புவி அறிவியல் அமைச்சகத்தோட 2020 அறிக்கை சொல்லுது. உலகத்தோட மற்ற நிலப்பகுதிகளை விடக் குறைவு. பெரியப்பா உடனே, "பார்த்தியா, நமக்கு ஒண்ணும் இல்லை"ன்னார்.

இங்கதான் நான் ஒரு நாள் முழுக்கத் திணறினேன். நிறம் வெளிருன்னா ஆபத்து வெளிருன்னு இல்லை. காத்துல மிதக்கற புகையும் துகளும் சூரிய ஒளியைக் கொஞ்சம் தடுத்து, ஏற வேண்டிய சூட்டோட ஒரு பகுதியை மறைச்சு வெச்சிருக்கு. அந்தப் புகைதான் நம்ம நுரையீரலையும் கெடுக்குது. அது போக, சைபீரியா மாதிரிக் குளிர்ந்த ஊர் ரெண்டு டிகிரி ஏறறதும், ஏற்கனவே உடம்பு தாங்கற எல்லைல இருக்கற புழுக்கமான ஊர் முக்கால் டிகிரி ஏறறதும் ஒண்ணு இல்லை. ஈரப்பதம் இந்த மேப்லயே கிடையாது.

உங்க வீட்டுச் சூடும் இதுல இல்லை. ஜிஸ்டெம்ப்ல நகரத்து நிலையங்களை, ராத்திரி வெளிச்சத்தைச் செயற்கைக்கோள்ல பார்த்து அடையாளம் கண்டு, சுத்தி இருக்கற கிராமப்புற நிலையங்களோட போக்குக்கு ஏத்த மாதிரித் திருத்திடுவாங்க. உலகப் போக்கைக் கணக்கிட அது சரியான முறைதான். ஆனா சென்னைல மேல் மாடி வாடகை வீட்டுல, பகல் முழுக்க காய்ஞ்ச கான்கிரீட் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சூடு கக்குதே, அது இந்த மேப்புக்குத் தெரியாது. உலகம் ஏறினதுக்கு மேல நகரம் தன் பங்குக்குச் சேர்க்கிற சூடு அது.

இதைச் சொன்னப்போதான் பெரியப்பா கொஞ்சம் அமைதியானார். அவர் பிறந்தது 1953-ல. ஜிஸ்டெம்ப்போட பேஸ் பீரியடே அவரோட சின்ன வயசும் இளமையும்தான். "அப்பவும் பகல்ல வெயில் கொளுத்தும்மா. ஆனா ராத்திரி மொட்டை மாடில பாய் போட்டா, விடியக்காத்தால போர்வை தேடுவோம்," என்றார். "இப்ப யாரு மாடில படுக்கறா. ராத்திரிக்குன்னு தனி மேப் இருக்கா?"

ஜிஸ்டெம்ப்ல இல்லை, அது மாதச் சராசரியை வெச்சுத்தான் வேலை செய்யுது. ஆனா ஐபிசிசியோட 'இன்டராக்டிவ் அட்லஸ்'ல குறைந்தபட்ச வெப்பநிலையைத் தனியா பார்க்கலாம், வருங்காலக் கணிப்புகளும் இருக்கு. அடுத்த எபிசோடு அதைப் பத்தித்தான். பழைய போஸ்டரை எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் 1951–1980 வெச்ச புது மேப்பைப் போட்டிருக்கேன். ஷேர் பண்ணவங்க தயவுசெஞ்சு மாத்திடுங்க.

அட்லஸ் லிங்கை நேத்து பெரியப்பாவுக்கும் அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்துச்சு: "இதுல 1850–1900ன்னும் இருக்கு, 1995–2014ன்னும் இருக்கு. நீ எதை வெச்சுப் போடப் போற?"